ஆர்கானிக் பொருள் வாங்கத் தொடங்குபவர்களுக்கு: எங்கிருந்து ஆரம்பிப்பது, எதைக் கேட்டு வாங்குவது

கருப்புக் கவுனி அரிசியை ஒருகாலத்தில் செட்டிநாட்டு விருந்துகளில்தான் பார்க்க முடியும். இன்று சின்ன ஊர்க் கடைத்தெருவில்கூட அது கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. பக்கத்திலேயே மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, தினை நூடுல்ஸ், ஏ2 நெய் என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் ரசாயனம் இல்லாத விவசாயத்தைப் பேசினார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கைமாற்றினார். அவர்கள் 2013-லும் 2018-லும் மறைந்துவிட்டார்கள். அவர்கள் போட்ட விதை இன்று பெரிய வியாபாரமாக வளர்ந்திருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் அரசுகளும் பெரிய நிறுவனங்களும் இதற்குள் வந்துவிட்டன.

வியாபாரம் பெருகும்போது பொய்யும் கூடவே வரும். இந்தக் கடைகளுக்குப் புதிதாகப் போகிறவர் முதல் மாதம் ஆர்வத்தில் நிறைய வாங்கி, இரண்டாம் மாதம் விலையைப் பார்த்து மலைத்து, மூன்றாம் மாதம் 'எல்லாமே ஏமாற்று' என்று விட்டுவிடுகிறார். அதனால் நஷ்டம் உண்மையாகப் பாடுபடும் விவசாயிக்குத்தான். அப்படி ஆகாமல் இருக்க, வரிசையாக என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

1. இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்

ஒரு பொருளை ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் விளைவித்தார்களா என்பது ஒரு கேள்வி. அதைச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. ஆர்கானிக் நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். ஆர்கானிக் கோதுமையை மைதாவாக்கி, எண்ணெயில் பொரித்து பாக்கெட்டில் போட்டால் அது நொறுக்குத்தீனிதான். மறுபக்கம், சான்றிதழ் எதுவும் இல்லாத தெருமுனை முருங்கைக்கீரை உடம்புக்கு அருமையான உணவு. கடையில் ஒவ்வொரு பொருளைக் கையில் எடுக்கும்போதும் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால், பாதிப் பொருட்களை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுவீர்கள்.

2. வீட்டில் அதிகம் செலவாகும் பொருளில் தொடங்குங்கள்

சியா விதை, கினோவா, பிங்க் உப்பு இவற்றில் தொடங்க வேண்டாம். மாதச் சாமான் சீட்டை எடுத்து, எது கிலோக்கணக்கில் செலவாகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அரிசி, எண்ணெய், பருப்பு, பால், காய்கறிதான் இருக்கும். மாதம் ஒரு ஸ்பூன் சாப்பிடும் பொருளை ஆர்கானிக்காக மாற்றி என்ன பயன்? தினமும் மூன்று வேளை தட்டில் விழுவதை மாற்றுங்கள், அதுவும் ஒரு மாதத்துக்கு ஒன்றாக. முதல் மாதம் எண்ணெய், அடுத்த மாதம் அரிசியில் பாதி, அப்புறம் துவரம்பருப்பு. இப்படிப் போனால் பட்ஜெட்டும் தாங்கும், வீட்டிலுள்ளவர்களின் நாக்கும் பழகும்.

3. பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

'ஆர்கானிக்' என்று அச்சிட்டு இந்தியாவில் விற்கும் பாக்கெட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2017-ல் கொண்டுவந்த ஆர்கானிக் உணவு விதிமுறைகள் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. அதன்படி இரண்டு சான்று முறைகளில் ஏதாவது ஒன்று வேண்டும்.

ஒன்று என்.பி.ஓ.பி. என்ற தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம். இது மத்திய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள அபேடா என்ற ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் நிர்வகிப்பது, ஏற்றுமதிக்கும் செல்லும். அங்கீகாரம் பெற்ற ஒரு சான்றளிப்பு நிறுவனம் நிலத்துக்கு வந்து ஆய்வு செய்யும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரிலுள்ள அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையும் இதைச் செய்கிறது. இன்னொன்று பி.ஜி.எஸ். இதில் ஒரே பகுதியைச் சேர்ந்த விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்கிறார்கள். செலவு குறைவு என்பதால் சிறு விவசாயிகளுக்கு ஏற்றது. இதிலும் 'பி.ஜி.எஸ். கிரீன்' என்றால் மாறும் கட்டத்தில் இருக்கும் நிலம், 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்' என்றால் முழுதாக மாறிய நிலம்.

மாறும் கட்டம் என்பது சாதாரணமானதில்லை. ரசாயனத்தை நிறுத்திய மறுநாளே நிலம் ஆர்கானிக் ஆகிவிடாது. என்.பி.ஓ.பி. விதிப்படி நெல், காய்கறி போன்ற பருவப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு, தென்னை, மா போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் பெரும்பாலும் குறையும், ஆர்கானிக் விலையும் கிடைக்காது. கிரீன் முத்திரையுள்ள பொருளை இரண்டாம் தரம் என்று ஒதுக்காதீர்கள். அந்த விவசாயிக்குத்தான் உங்கள் ஆதரவு அதிகம் தேவை.

பாக்கெட்டில் அரசின் ஆர்கானிக் முத்திரையைத் தேடுங்கள். முன்பு அது இலையும் டிக் குறியும் கொண்ட ஜைவிக் பாரத் முத்திரை, 2025-ல் அதற்கு மாற்றாக ஒருங்கிணைந்த 'இந்தியா ஆர்கானிக்' முத்திரையை அறிவித்தார்கள். முத்திரையோடு நின்றுவிடாமல், சான்றளித்த அமைப்பின் பெயரும் சான்று எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் மட்டும் இருந்தால் அது ஆர்கானிக் சான்று ஆகாது. சாதா மிக்சர் பாக்கெட்டிலும் அந்த எண் இருக்கும். பல கடைகளில் 'எங்களிடம் சான்றிதழ் இருக்கிறது' என்று காட்டுவது இந்த உரிமத்தைத்தான்.

கடைக்காரர் உண்மையான சான்றிதழைக் காட்டினால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும், எந்தெந்தப் பயிர் அதில் எழுதியிருக்கிறது. எள்ளுக்கு வாங்கிய சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, கடையிலுள்ள நூறு பொருளையும் ஆர்கானிக் என்று விற்பது நடக்கிறது.

இனி 'ஹெல்த்தி' வகைப் பாக்கெட்டுகள். ஒரு ராகி பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ராகிக் கதிர் படம், கொட்டை எழுத்தில் 'ராகி'. பின்பக்கம் பொருட்களின் பட்டியல் எடையின் இறங்கு வரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி. முதலில் மைதா, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது பாமாயில், நான்காவதாக ராகி மாவு என்று இருந்தால், நீங்கள் வாங்குவது ராகி தூவிய மைதா பிஸ்கட். பெயரில் தூக்கிப் பிடிக்கும் பொருள் எத்தனை சதவீதம் என்றும் அங்கே எழுதியிருக்க வேண்டும். அந்த எண்ணைத் தேடுங்கள். சர்க்கரை பல பெயர்களில் வரும்: குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ். இப்படிப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். அதனால் ஊட்டச்சத்து அட்டவணையில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற தனி வரியைப் பாருங்கள். ஐந்து கிராமை ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

'ஹெல்த் டிரிங்க்' என்று விற்ற மால்ட் பானங்களைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நம் உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களை அந்தத் தலைப்பிலிருந்து இந்தப் பானங்களை நீக்கச் சொன்னது. அதுவரை எத்தனை தாய்மார்கள் அந்தப் பெயரை நம்பிப் பிள்ளைகளுக்குக் கலக்கிக் கொடுத்தார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

4. சான்றிதழ் இல்லாத விவசாயியிடம் எப்படிப் பேசுவது

ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சிறு உற்பத்தியாளர் தன் விளைச்சலை நேரடியாக நுகர்வோரிடம் விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை. முத்திரையைத்தான் போட்டுக்கொள்ள முடியாது. அதனால் சான்றிதழ் இல்லாத எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். என் அனுபவத்தில், தெரிந்த விவசாயியிடம் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் நம்பகமான வழி. ஆனால் பேசத் தெரிய வேண்டும்.

"மருந்து அடிப்பீங்களா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்ற ஒரே பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "வெண்டையில காய்ப்புழு வந்தா என்ன செய்வீங்க அண்ணே?" என்று கேளுங்கள். இயற்கை விவசாயம் செய்கிறவர் ஐந்திலைக் கரைசல் அடித்ததையும், வரப்போரம் தட்டைப்பயறு போட்டதையும், போன தடவை கால்வாசிக் காய் போனதையும் சேர்த்தே சொல்வார். நஷ்டத்தைப் பற்றிப் பேச்சே வராவிட்டால் எனக்குச் சந்தேகம் வரும். அடுத்து, உரத்துக்கு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். ஆட்டுக்கிடை போட்டது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதது, மாடு எத்தனை இருக்கிறது என்று பேச்சு தானாக விரியும். மாடும் இல்லாமல், வெளியிலிருந்து எருவும் வாங்காமல் பத்து ஏக்கர் இயற்கை நெல் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பக்கத்து வயல்காரர் மருந்து அடித்தால் என்ன செய்கிறார் என்பதும் நல்ல கேள்வி. வரப்பில் உயிர்வேலி இருக்கும், அல்லது ஓரத்து இரண்டு வரிசையைத் தனியாக அறுத்து வைப்பார்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நிலத்துக்குப் போய்வாருங்கள். வர வேண்டாம் என்று சொல்லும் விவசாயியை நான் அதிகம் பார்த்ததில்லை. விவசாயியைத் தெரியாதவர்கள் உழவர் சந்தையில் ஆரம்பிக்கலாம். 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. அங்கே விற்கும் காய் எல்லாம் இயற்கை விளைச்சல் என்று சொல்ல முடியாது. ஆனால் அடையாள அட்டை வைத்துள்ள விவசாயி நேரில் உட்கார்ந்திருப்பார், இரண்டு மூன்று வாரம் பேச்சுக் கொடுத்தால் யார் எப்படி விளைவிக்கிறார் என்று பிடிபட்டுவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஓ.எஃப்.எம். (ஆர்கானிக் ஃபார்மர்ஸ் மார்க்கெட்), ரீஸ்டோர் போன்ற இயற்கை அங்காடி முயற்சிகள் இருக்கின்றன. எந்தப் பொருள் எந்த விவசாயியிடமிருந்து வந்தது என்று அங்கே கேட்டுப் பாருங்கள். மற்ற கடைகளிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் ஆர்கானிக் விலை கொடுக்க வேண்டியதில்லை.

5. பொருள் வாரியாக

எண்ணெய்தான் முதலில், ஏனென்றால் இதில் ஒரு சின்னக் கணக்கு போட்டாலே உண்மை தெரிந்துவிடும். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கே 325 ரூபாய். ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் புண்ணாக்கு மிஞ்சும், அதை விற்ற காசைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கூலி, பாட்டில், கடை வாடகை, லாபம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்த பாட்டிலை ஒருவர் 220 ரூபாய்க்குத் தருகிறார் என்றால், உள்ளே வேறு எண்ணெய் கலந்திருக்க வேண்டும். அன்றைய பருப்பு விலையைக் கேட்டு இந்தக் கணக்கை நீங்களே போடலாம். இன்னொரு விஷயம், செக்கில் ஆட்டியது என்பதாலேயே அது ஆர்கானிக் ஆகாது. செக்கு என்பது ஆட்டும் முறை மட்டும். கடலை எந்த நிலத்தில் விளைந்தது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

செக்கு எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை. அதனால் கடலையில் பூஞ்சை இருந்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு எண்ணெயிலும் இறங்கும். கல்லீரலுக்குக் கேடானது. சொத்தை, சுருங்கியது, கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு ஆட்டுகிறார்களா என்று செக்குக்கே போய்ப் பாருங்கள். மூட்டையை அப்படியே கொட்டும் செக்கைத் தவிர்த்துவிடுங்கள். நாலு வீடு சேர்ந்து கடலை வாங்கி, பொறுக்கி, காயவைத்து, கூலிக்கு ஆட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. புது எண்ணெயை இரண்டு நாள் வெயிலில் வைத்தால் வண்டல் அடியில் தங்கும். தெளிவை இறுத்து வைத்துக்கொள்ளலாம்.

அரிசியில், தினசரிச் சாப்பாட்டுக்கு தூயமல்லி, கிச்சிலிச் சம்பா போன்ற வெள்ளை ரகங்களில் ஆரம்பியுங்கள். முதல் நாளே காட்டுயானத்தை வடித்துப் போட்டால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். மாப்பிள்ளைச் சம்பாவையும் பூங்காரையும் இட்லி மாவு, கஞ்சி, புட்டு என்று நுழையுங்கள். கவுனியை முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும். தண்ணீர் கருநீலமாக மாறுவது அதன் இயல்பான நிறமிதான், சாயம் என்று பயப்பட வேண்டாம். விலை ஏன் அதிகம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேலும், காட்டுயானம் ஆறு மாதமும் வயலில் நிற்கும். உயரமாக வளர்ந்து காற்றுக்குச் சாயும். விளைச்சலும் குறைவு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: பாரம்பரிய அரிசியும் மாவுச்சத்துதான். தீட்டாத அரிசியில் நார்ச்சத்து கூடுதல், ஆனால் அளவு பார்த்தே சாப்பிட வேண்டும், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

சிறுதானியம் என்றால் கம்பும் ராகியும் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். உமி நீக்கும் வேலை இல்லாததால் முழுத் தானியமாகவே கைக்கு வரும், விலையும் குறைவு. ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தினை, சாமை, வரகு, குதிரைவாலிக்கு உமி உண்டு. ஆலையில் உமியோடு தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிட்டால் வெள்ளை அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பளிச்சென்ற வெள்ளையாக, கையில் பிசுபிசுப்பில்லாமல் வழுக்கி ஓடினால் தீட்டியது. மங்கலாக, கையில் லேசாகத் தவிடு ஒட்டினால் வாங்கலாம். கம்பு மாவு சீக்கிரம் காறல் வாடை அடிக்கும், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் தினமும் கம்பு சாப்பிடும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

இனிப்பில், எலுமிச்சை மஞ்சளாக மின்னும் வெல்லத்தை விட்டுவிட்டுப் பழுப்பு நிறத்தை எடுங்கள். அந்த மினுமினுப்பு பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததால் வருவது. கருப்பட்டிக்குப் பனையேறும் ஆள் வேண்டும், பதநீர் சீசன் வேண்டும், காய்ச்ச விறகு வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. வெல்லத்தின் விலைக்கு அருகில் 'கருப்பட்டி' கிடைத்தால் அதில் சீனி கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேனுக்கு வீட்டுச் சோதனை எதுவும் பயன்படாது. தண்ணீரில் கரைகிறதா, தீக்குச்சி எரிகிறதா என்பதெல்லாம் இன்றைய சர்க்கரைப் பாகுக் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்காது. 2020-ல் டெல்லியின் சி.எஸ்.இ. என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 13 பிராண்டுகளை என்.எம்.ஆர். என்ற நவீன ஆய்வகச் சோதனைக்கு அனுப்பியபோது மூன்றுதான் தேறின. உறைவதும் கலப்படத்துக்கு அடையாளமில்லை, நல்ல தேனும் உறையும். தேனீ வளர்ப்பவரைத் தெரிந்துவைத்துக்கொள்வதே வழி.

உப்பில் மட்டும் புதுமை வேண்டாம். பிங்க் உப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை, கல்லுப்பிலும் பலவற்றில் இருக்காது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அயோடின் உப்பே இருக்கட்டும்.

காய்கறியில் பணம் குறைவாக இருந்தால், எது அதிகம் மருந்து வாங்கும் பயிரோ அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். காலிஃபிளவர், முட்டைக்கோஸ், குடைமிளகாய், கத்திரி இவற்றுக்குத் தெளிப்பு அதிகம். முருங்கை, வாழைத்தண்டு, வாழைப்பூ, சுண்டைக்காய், பூசணி, அந்தந்தப் பருவத்து நாட்டு அவரை போன்றவற்றுக்குப் பொதுவாக அவ்வளவு தேவைப்படுவதில்லை. ஆர்கானிக் கடைக்கே போகாமல் செய்யக்கூடிய மாற்றம் இது. கறிவேப்பிலையை முடிந்தால் வீட்டில் ஒரு தொட்டியில் வையுங்கள். மற்றதை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பில் உள்ளதில் ஒரு பகுதி போகும். செடிக்குள் ஊடுருவிய மருந்து எந்தக் கழுவலுக்கும் போகாது.

ஏ2 பால், ஏ2 நெய்க்கு இரட்டிப்பு விலை கொடுக்கும் முன் யோசியுங்கள். ஏ2 என்பது நாட்டு மாட்டுப் பாலில் அதிகம் இருக்கும் ஒரு புரத வகையின் பெயர், நெய்யோ கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்புதான். 2024 ஆகஸ்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. பக்கத்துத் தெருவில் நாட்டு மாடு வைத்திருப்பவரிடம் கறந்த பால் கிடைத்தால் வாங்கி, நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள். நெய்க்குப் பெயருக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

6. சந்தேகம் வந்தால்

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வு செய்துகொள்ள உரிமை தருகிறது. பொருள் தரமில்லை என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பூச்சிக்கொல்லி எச்சச் சோதனைக்குச் செலவு அதிகம், ஆனால் ஒரு அடுக்குமாடியில் பத்து வீட்டுக்காரர்கள் ஒரே கடையில் வாங்குகிறீர்கள் என்றால் பகிர்ந்துகொண்டு ஒருமுறை செய்து பார்க்கலாம். பொய் முத்திரை போட்ட பாக்கெட்டைப் பார்த்தால் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ புகார் கொடுங்கள். பில் வாங்கி வைத்திருந்தால்தான் புகார் நிற்கும்.

7. வாங்கியதைக் காப்பாற்றுங்கள்

தீட்டாத அரிசியும் சிறுதானியமும் சீக்கிரம் வண்டு பிடிக்கும். 'வண்டு வந்தாலே ஆர்கானிக்' என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். மருந்தடித்து விளைந்த தானியத்துக்கும் வண்டு வரும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ போட்டு மூடுங்கள். பருப்புக்குக் காய்ந்த மிளகாய் போதும். மாவு வகைகள் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

அரிசியை மட்டும் ஆண்டுக்கணக்கில் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. சம்பா அறுவடை தை, மாசியில் வரும். மார்கழியிலேயே ஒரு விவசாயியிடம் பேசி, எத்தனை மூட்டை, என்ன விலை என்று முடித்து, கொஞ்சம் முன்பணம் கொடுத்தால் அவருக்கு அறுப்புக் கூலிக்கு ஆகும், வியாபாரியிடம் களத்துமேட்டிலேயே விற்கும் கட்டாயம் வராது. அரிசியாக மொத்தமும் வாங்காமல், நெல்லாக அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லி, மாதத்துக்கு ஒருமுறை அரைத்து அனுப்பச் சொல்லுங்கள். நெல்லாக இருந்தால் வண்டுத் தொல்லை குறைவு. புது நெல் குழையும், நெல் பழசாகப் பழசாகச் சோறு உதிரியாக வரும். அதனால் முதல் சில மாதங்களுக்கு அவரிடம் போன வருட நெல் இருக்கிறதா என்று சேர்த்தே கேட்டுவிடுங்கள்.